அரிசி அலமாரிக் கதவில் ஏழு பேர்

பதினோரு வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் நோஹெயா, பாட்டுக் கோஷ்டியை நடத்தும் ஸ்டான்லியின் கார் ஷெட்டில் உட்கார்ந்து உகுலேலே என்ற நாலு கம்பி வாத்தியம் வாசிக்கிறாள். வாசிக்கிறாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் மூன்றே மூன்று கார்டை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பாட்டுக்குப் பின்னால் தட்டுகிறாள், அவ்வளவுதான்.

பாட்டு நடுவில் ஸ்டான்லி “பாஅனி!” என்று கூவி ஒரு பெயரைச் சொல்வான். பெயர் வந்தவர் தனியாக ஒரு சுற்று வாசிக்க வேண்டும், மற்றவர்கள் அடக்கி வாசிப்பார்கள். அந்த ஷெட்டில் எல்லார் பெயரும் வந்தாயிற்று. மூக்கால் ஊதும் குழலோடு ஒரே ஒரு வாரம் தலைகாட்டிய தபால்காரர் பெயர்கூட வந்தது. நோஹெயாவின் பெயர் மட்டும் வரவில்லை.

எல்லாம் ஹௌலானியின் கைங்கரியம். ஹௌலானி, நோஹெயாவின் புருஷன் வால்டருக்கு அக்கா. அறுபத்திரண்டு வயதிலும் அவள் ஹூலா நடனம் ஆட எழுந்தால் ஹிலோ ஊரில் மழைகூடக் கொஞ்சம் யோசித்துத்தான் பெய்யும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஹௌலானிக்கோ நன்றாகவே ஆடத் தெரியும், அதனால் கூடத்தை விட்டுவிட்டுத் தம்பி பெண்டாட்டியைக் குறை சொல்வாள்.

“அவ கையில பாஅனியக் குடுக்காத ஸ்டான்லி. என்னை நடு ஆட்டத்துல கீழ போட்டுடுவா. மூணு விரல்காரி!”

மூணு விரல்காரி! அந்தப் பேச்சுதான் நோஹெயாவைச் சுட்டது. ஸ்கேல் என்கிற சுர வரிசையைக் கற்றுக்கொண்டே தீருவது என்று போன வருஷம் வைராக்கியம் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு விமான நிலையத்தில் வேலை. ஊருக்குக் கிளம்புகிறவர்களின் பெட்டியைத் திறந்து, துண்டுக்குள் சுருட்டி வைத்த, வெளியூர் கொண்டுபோகக் கூடாத மாம்பழத்தை வெளியே எடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உகுலேலேயை மடியில் வைத்துக்கொள்வாள். மேல் கம்பிதான் தாழ்ந்த சுரம் என்று நம்பி முதல் வாரமே ஏமாந்தாள். அது உச்சாணியில் கூவும் கம்பி, படி ஏறுவதானால் அதை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்துதான் ஏற வேண்டும். சுண்டு விரலோ பெரிய இடத்துப் பிள்ளை போல எதிலும் பட்டுக்கொள்ளாமல் நின்றது.

ஸ்கேல் ஒருவழியாகக் கைக்கு வந்ததும் ‘மோட்’ என்று ஒரு புதுப் பூதம் கிளம்பியது. சுரம் அதே ஏழுதான், ஆனால் எதை வீடாக வைத்துக் கிளம்புகிறோமோ அதற்கேற்ப மொத்த குணமும் மாறிவிடுகிறது. ஏழுக்கும் வாயில் நுழையாத கிரேக்கப் பெயர் வேறு. நோஹெயா அதற்கெல்லாம் மசிகிறவளா? ஒரு தாளில் ஏழுக்கும் பழகிய மனிதர்களின் பெயரை எழுதி அரிசி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டாள்.

முதலாவது வால்டர், ஒரு வம்புக்கும் போகாதவன். இரண்டாவது ஸ்டான்லி, சோகமாக இருந்தாலும் சோற்றுத் தட்டை வேண்டாம் என்று சொல்லமாட்டான். மூன்றாவது, நாய்க்காகச் சண்டைக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர். நான்காவது, லாஸ் வேகாஸ் போய்வந்ததிலிருந்து மூக்கு அரை அங்குலம் மேலே நிற்கும் அவள் அண்ணன் மகள். ஐந்தாவது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமா. ஆறாவது, கல்யாணத்திலும் அழும் சர்ச் அத்தை. ஏழாவது எதிலும் திருப்தி இல்லாதது, எங்கே போய் நின்றாலும் உட்காராது. அதற்குப் பெயர் தேட நோஹெயா அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஹௌலானி.

பிறகு ஸ்டான்லியின் பேரனுக்கு முதல் பிறந்தநாள் விருந்து வந்தது. ஊரில் பாதிப் பேர் வரும் விருந்து. நோஹெயா நேராகப் போய்ச் சொன்னாள்.

“அண்ணே, ஒரு தடவை என் பேரக் கூப்பிடுங்க. இல்லன்னா என் மக்ரோனி சாலட் வராது.”

ஸ்டான்லி ஆடிப்போனான். “அடிப்பாவி, முந்நூறு பேரு வர்றாங்கம்மா!”

“அதான் சொல்றேன்.”

ஹௌலானி விஷயம் கேள்விப்பட்டு விரலை நீட்டினாள். “ஒரு சுத்து. ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல ஒரு தட்டு தட்டின, அப்புறம் இருக்கு உனக்கு.”

விருந்தன்று தார்ப்பாய்ப் பந்தல் மேல் மழை கொட்டியது. மண்ணடுப்பிலிருந்து எடுத்த பன்றி மணத்தது. பிறந்தநாள் நாயகன் யார் மடியிலோ தூங்கிவிட்டான். பச்சைக் கவுனில் ஹௌலானி ஆட வந்தாள். ஐந்து கண்ணி உள்ள பழைய பாட்டு, மெட்டு எல்லாக் கண்ணிக்கும் ஒன்றுதான். அடுத்த கண்ணியின் முதல் சொல்லை ஆடுகிறவள்தான் வாய்விட்டுக் கூவ வேண்டும், அதுவரை பாடுகிறவர்கள் மேலே போகக்கூடாது. பாடுகிறவர்கள் எடுத்துக்கொடுத்து ஒருத்தி ஆடினாள் என்றால் அவளுக்கு அதைவிடத் தலைகுனிவு இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்திக்கு அப்படி நடந்ததை ஹௌலானி இன்றைக்கும் பெயரோடு சொல்வாள்.

இரண்டாவது கண்ணி முடிந்தது. ஸ்டான்லி கண்ணை மூடிக்கொண்டு, “பாஅனி, நோஹெயா!” என்றான்.

பதினோரு வருஷம்! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாசித்தாள். வால்டரில் கிளம்பி ஸ்டான்லி வழியாக வந்து வால்டரிலேயே பாந்தமாக முடித்தாள். கூட்டத்தில் யாரோ “ஓஹோ!” என்றார்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால் அன்றைய ராணி அவள்தான்.

நிறுத்தப் போகும்போது ஹௌலானியின் முகத்தைப் பார்த்தாள். கால் பக்கவாட்டில் அழகாகப் போய்வந்துகொண்டிருந்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. கண் நோஹெயாவைத் தேடி வந்தது. அந்தக் கண்ணில் அவள் இதுவரை அப்படி ஒரு பயத்தைப் பார்த்ததில்லை. மூன்றாவது கண்ணி மறந்துபோய்விட்டது!

முதல் சொல்லை முணுமுணுக்கலாம் என்றால் முன்னால் மைக், தெருக்கோடி வரை கேட்கும். நிறுத்தினாலோ முந்நூறு பேரும் ஹௌலானியின் வாயையே பார்ப்பார்கள். நோஹெயா நிறுத்தவில்லை, இரண்டாவது சுற்றுக்குள் இறங்கினாள்.

லாஸ் வேகாஸ்காரி மூக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு வந்தார். மூன்றாவது சுற்றில் மாமா சோம்பல் முறித்தார், சர்ச் அத்தை அழுதாள்.

“ஏம்மா, பன்னி ஆறுது!” என்று ஒரு குரல்.

“விடுப்பா, பதினோரு வருஷத்தையும் இன்னிக்கே வாசிச்சுத் தீக்கப் போறா!”

சிரிப்பு பந்தலைத் தூக்கியது. வால்டர் காகிதத் தட்டால் முகத்தை மூடிக்கொண்டான். ஸ்டான்லி பல்லைக் கடித்தான். “நோஹெயா, போதும், எறங்கு!”

கையில் மிச்சம் ஒன்றே ஒன்றுதான். நோஹெயா ஹௌலானியை வாசித்தாள். அது தத்தளித்தது, திரும்பியது, எங்கேயும் உட்காரமாட்டேன் என்று நின்றது. சுண்டு விரலும் அன்றைக்குக் கைகொடுத்து நின்றது. சட்டென்று ஹௌலானியின் கழுத்து நிமிர்ந்தது. மூன்றாவது கண்ணியின் முதல் சொல் மணி போல வெளியே வந்தது. ஏழாவது சுரத்துக்கும் வீட்டுக்கும் ஒரே ஒரு ஃப்ரெட்தான், கழுத்துப் பலகையில் ஒரு கட்டம்தான் தூரம். நோஹெயா அந்த ஒன்றைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ஹௌலானி விசிறிக்கொண்டே ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள். “ஒரு சுத்துன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நாலு சுத்து! என் முழங்கால் போச்சு!”

எல்லாரும் நோஹெயாவைப் பார்த்துச் சிரித்தார்கள். பதில் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டு, “கை நிக்கலக்கா” என்றாள்.

“இனிமே உன் பேர வாயால எடுக்கமாட்டேன்” என்றான் ஸ்டான்லி. “சாலட் வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

காரில் ஏறி நோஹெயா அழுதாள். பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்ததை அரை நாழிகையில் தொலைத்தவள் அழாமல் என்ன செய்வாள்!

வியாழக்கிழமை ஹௌலானி கையில் தேங்காய் இனிப்போடு வந்தாள். வழக்கம் போல வந்ததும் வராததுமாகச் சமையலறையில் புகுந்து, “சோறு வெக்கலியா இன்னும்?” என்று அரிசி அலமாரியைத் திறந்தாள். நோஹெயா ஓடி வந்தும் தாமதம்தான். ஹௌலானி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

“நான் ஏழாவதா?”

“அக்கா, அது வந்து...”

“வாசி. என்னைக் கேக்கணும்.”

வாசித்தாள். ஹௌலானி தலையைச் சாய்த்துக் கேட்டாள். “நான்தான். அச்சு அசலா நானேதான்.” பிறகு குரல் இறங்கியது. “அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலடி. பயந்துட்டேன். யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“வால்டர்கிட்டகூடச் சொல்லல.”

ஹௌலானி அரிசியை அளந்து எடுத்தாள். வால்டருக்கும் நோஹெயாவுக்கும் சேர்த்து அதைக் களைந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வெள்ளி. ஷெட்டில் அதே பாட்டு. நோஹெயா ஓரத்தில் தன் மூன்று கார்டோடு இருந்தாள். இரண்டாவது கண்ணி முடிந்தது. ஸ்டான்லி வேறு யார் பக்கமோ திரும்பி வாயைத் திறப்பதற்குள் ஹௌலானி ஆடிக்கொண்டே கூவினாள்.

“பாஅனி, நோஹெயா!”

ஸ்டான்லி திறந்த வாயை மூட மறந்தான். நோஹெயா உகுலேலேயைத் தூக்கிப் பிடித்தாள்.

“ஒரு சுத்துதானேக்கா?”

“நான் கூப்பிடற வரைக்கும்” என்றாள் ஹௌலானி.