தையல் மெஷினும் பதினொன்றாவது வரியும்

மேல்வீட்டுக் குழாய் வெடித்த அன்று எங்கள் வாடகை வீட்டுக்குள் மழை பெய்தது. நனைந்த கூரையில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை போல, நேராக என் தையல் மெஷின் மேல்! வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மூன்று வருடத்தில் வாங்கியது. தண்ணீர் இறங்கி மோட்டார் கருகிவிட்டது. அது இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பு இல்லை.

வீட்டு ஓனர் வந்து எட்டிப் பார்த்தார். "என் இன்ஷூரன்ஸ் சுவருக்கும் கூரைக்கும் மட்டும்தாம்மா. உள்ள இருக்கற சாமான் உங்க பாடு."

நல்லவேளை, எங்கள் சாமான்களுக்கு நாங்களே ஒரு பாலிசி எடுத்திருந்தோம். "காருக்குத்தான் இருக்கே, அது போதாதா?" என்று முனகிய என் கணவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பஸ் ஓட்டுகிறவருக்கு உலகத்தில் சக்கரம் வைத்த சாமான் மட்டுமே சாமான்.

மூன்றாம் நாள் சேதம் பார்க்க சர்வேயர் அம்மா வருவதாக இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சொன்னார்கள். காலையிலிருந்தே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மெஷின் எதுக்குன்னு கேட்டா வீட்டுத் துணி தைக்கன்னு சொல்லு," என்றார் கணவர். "தொழில் சாமானுக்கு சாதா பாலிசில பணம் வராதாம். டிப்போல சொன்னாங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் என்ன பொய்? என் சட்டைக்கு பட்டன் தெச்சது நீதானே?"

சர்வேயர் வந்தார். கட்டில், அலமாரி, சோபா என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். கடைசியில் மெஷின் முன்னால் நின்றார்.

"இது வீட்டு உபயோகமா, தொழிலா?"

அவர் முதுகுக்குப் பின்னால் என் கணவர் 'சொல்லாதே' என்று தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். எனக்கோ சுர்ரென்று ஏறியது. என் உழைப்பு மொத்தமும் ஒரு சட்டைப் பட்டனா?

"தொழில்தாங்க! இந்தத் தெருவுல பாதிப் பேர் நான் தெச்சதைத்தான் போட்டிருக்காங்க!"

கணவர் தலையில் கை வைத்தபடி சோபாவில் உட்கார்ந்தார். அது இன்னும் காயவில்லை.

சர்வேயர் பாலிசித் தாளைப் புரட்டினார். "பதினொன்றாவது வரி. வீட்டிலிருந்தே தையல் தொழில், மெஷின் ஒண்ணு. தனியா சேர்த்திருக்காங்களே! நீங்க சொன்னதுதானே?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாலிசி எழுதிய பெண்ணின் சட்டைக்கை கோணலாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், அரை மணி நேரம் என் தொழில் பெருமையை அளந்திருந்தேன். மேஜைக்கு அடியில் கணவர் என் காலை மிதித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் அதையும் பாலிசியில் எழுதிக்கொண்டாள்.

"இப்ப இல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா சிக்கலாயிருக்கும்," என்றார் சர்வேயர். "பேப்பர்ல ஒண்ணு, பேச்சுல ஒண்ணுன்னு நான் எழுதணும். இப்ப கவலையில்ல. புது மெஷினுக்கே எழுதறேன்."

நான் துள்ளிக் குதித்தேன். வெட்கமே இல்லை, நிஜமாகவே குதித்தேன்!

பின்பக்கம் நனைந்த பேண்ட்டோடு கணவர் எழுந்து வந்தார். "நான் அப்பவே சொன்னேன் மேடம். இவ எதையும் மறைக்கவே மாட்டா."

இந்த முறை அவர் காலை நான் மிதித்தேன்.