ஆறாத இரும்பு

விடியுமுன்னே உலை பொங்கிவிட்டது. இலத்தூர் இரும்பு வார்ப்புப் பவுண்டரியின் தகரக் கூரையில் குற்றாலத்துச் சாரல் சடசடத்தது. உள்ளே அனலில் தோல் உரிந்தது. இசக்கியப்பனும் மணிமுத்துவும் இரும்புக் குழம்பைச் சுமந்து வந்து மணல் அச்சுகளில் ஊற்றினார்கள். எல்லாம் கிரேனுக்கான கப்பிச் சக்கரங்கள். அச்சுகளை மண் பிசைந்து இடித்து இறுக்கியவள் முத்துச்செல்வி.

அச்சுக்குள்ளேயே மெல்ல ஆறினால் இரும்பு சாம்பல் நிறத்தில் பக்குவப்படும், அடி தாங்கும். சட்டென்று குளிர்ந்தால் உள்ளே வெள்ளையாக இறுகி, கண்ணாடிபோலத் தெறிக்கும். அங்கே எல்லோருக்கும் இது தெரியும். முதலாளி கோமதிசங்கருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். உலோகவியல் படித்த இஞ்சினியர்.

அவர்தான் வந்து நின்றார். "அச்ச உடைங்க. தண்ணிய அடிங்க."

"ஆறட்டும் சார். அச்சே இன்னும் கொதிக்குது," என்றான் மணிமுத்து.

"லாரி வெளிய நிக்குது. மனசில்லன்னா கெளம்பு."

மணிமுத்து உடைத்தான். குழாய் முத்துச்செல்வியின் கையில் இருந்தது. தண்ணீர் பட்டதும் ஆவி சீறியது. படாரென்று சக்கரம் வெடித்து, ஒரு சில்லு மணிமுத்துவின் வலது கண்ணில் பாய்ந்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் கண் போய்விட்டது என்றார்கள்.

மறுநாளும் உலை எரிந்தது. இரும்பை ஊற்றி முடித்ததும் கோமதிசங்கர் வந்தார்.

"கண்ணாடி போடாதது அவன் தப்பு."

"எந்தக் கண்ணாடி? என்னைக்கு வாங்கித் தந்திய?" முத்துச்செல்வி அவர் முன்னால் வந்து நின்றாள். "தண்ணி அடிச்சது என் கை. அடிக்கச் சொன்னது உங்க வாயி. எனக்குப் பொட்டு உறக்கமில்ல சார். உங்களுக்கு வந்துச்சா?"

"இப்ப உடைக்கியளா, ஆள மாத்தட்டா?"

இசக்கியப்பன் சம்மட்டியைக் கீழே வைத்தான். "மாத்துங்க. வாரவன் கண்ணும் கண்ணுதான்."

முத்துச்செல்வி போய் அச்சுகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "மணிமுத்துவுக்கு ஒரு வழி சொல்லுங்க. ஆறாம இனி ஒரு அச்சையும் தொடமாட்டோம்." இசக்கியப்பன் அவள் பக்கத்தில் அமர்ந்தான். மண் சலிக்கும் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், உலைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

கோமதிசங்கர் வாசலுக்குப் போய், சரக்குக்காகக் காத்திருந்த லாரி ஓட்டும் யஹ்யாவிடம் கத்தினார். "உங்க ஊரு கடையநல்லூருக்குப் போயி, இவங்களுக்குப் பதிலா பத்து ஆள ஏத்திட்டு வா!"

யஹ்யா உள்ளே எட்டிப் பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"கொஞ்சம் நகந்து இருங்கக்கா," என்று முத்துச்செல்வியின் வரிசையில் உட்கார்ந்தார்.