மௌனசாமியின் கைத்தழும்பு

வைகாசி பிறந்திருந்தது. கச்சான் காற்று மேற்கே படுவான்கரை வயல்களின் வெம்மையை அள்ளிக்கொண்டு வாவியைக் கடந்து வந்தது. நீர் வற்றிக் கரையோரச் சேறு பாளம் பாளமாய் வெடித்திருக்க, சதுப்பில் வளரும் கண்ணா மரத்து வேர்கள் தவத்தில் அமர்ந்தோரின் விரல்களைப் போல வெளியே தெரிந்தன. ஆண்டு முழுவதும் அடைத்துக் கிடந்த கண்ணகை அம்மன் கோயில்களின் கதவுகள் திறக்கும் காலம் அது. குளிர்த்தி பாடி அன்னையின் சினம் ஆறும்வரை ஊர் உரத்துப் பேசாது. உலை கொதிக்கும் ஓசைகூட அடங்கியே கேட்கும். போர்நிறுத்தத்தால் துப்பாக்கிகள் ஓராண்டுக்கு மேலாக வாய்மூடியிருந்தன. அந்த அமைதியை நம்பலாமா என்று அறியாத மக்கள், மழை கேட்கும் வயலைப் போல வானத்தைப் பார்த்திருந்தனர்.

களுதாவளையில் ஒரு வீடு மட்டும் இந்த அடக்கத்துக்குப் புறம்பாய் நின்றது. பிற்பகல் மூன்று மணியானால் அங்கிருந்து அழுகையும் சிரிப்பும் மாறி மாறி எழும்.

அது அன்னப்பூரணியின் வீடு. வெற்றிலைத் தோட்டம் அவளுடைய தொழில். கணவன் கதிர்காமத்தம்பி மூன்று ஆண்டுகளாகக் கொரியாவில் ஓர் இரும்புப் பட்டறையில் இருந்தான். சித்திரைக் கடைசியில் அவன் அனுப்பிய பொதி வந்தது. உள்ளே ஒரு சீடி டெக்கும், கொரிய நாடகம் ஒன்றின் எட்டு சீடிகளும் இருந்தன. வழியில் நடந்த சோதனைகளில் உறைகள் காணாமற்போக, சீடிகளின் முதுகில் கொரிய எழுத்து மட்டுமே எஞ்சியிருந்தது.

தொலைபேசியில் அவன் சொன்னது இதுதான்.

"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்கிறாங்க. வாறதா நிக்கிறதா எண்டு நான் முடிவெடுத்திட்டன். வாயால சொல்ல மாட்டன். அந்தக் கதையக் கடைசிமட்டும் பாரு. அதில கதாநாயகன் என்ன செய்யிறானோ, அதுதான் நானும்."

"இதென்ன விளையாட்டு? சொல்லுங்க" என்று அவள் கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது. அடுத்த அழைப்பு ஒரு மாதம் கழித்துத்தான். அவன் சொன்னதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. பொதியில் மேலே இருந்த சீடியைப் போட்டதும் திரையில் ஒரு பாடை போனது. கதிர்காமத்தம்பியின் அக்காள் புஸ்பம் துணுக்குற்று எழுந்தாள்.

"வெள்ளிக்கிழம, புது டெக்கு. பொணத்திலயா துவங்குற? எடு கா அத."

ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தார்கள். பொதியின் அடியில் கிடந்த சீடியில் சிவப்புப் பட்டுடுத்த மணமகளும் மணமகனும் ஒருவரையொருவர் வணங்கி நின்றனர்.

"இதுதான் முதலாவது" என்றாள் புஸ்பம். "மங்கலத்தில துவங்கினாத்தான் கதை வாய்க்கும்."

கடிதம் எழுதினாலும் பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் ஊர் அது. எவரும் மறுக்கவில்லை. மற்றவை பொதியில் இருந்த வரிசையிலேயே நாளுக்கொன்றாய் ஓடின.

மொழி ஒருவருக்கும் விளங்கவில்லை. அதனாலென்ன? அழுகையும் நகையும் அச்சமும் பெருமிதமும் மொழிபெயர்ப்பு வேண்டுவன அல்லவே. பெயர்களை அவர்களே இட்டார்கள். கடற்கரையில் நண்டு விற்பவள் நண்டுக்காரி. அவளை நோக்கி வாய்திறவாமல் நிற்பவன் மௌனசாமி. தலைநகரிலிருந்து காரில் வருபவன் பவுடர் துரை. முதல் நாட் கலியாணத்தில் நின்றவர்கள் நண்டுக்காரியும் மௌனசாமியுமே; ஆனால் அடுத்த சீடியில் அவர்கள் அறிமுகமற்றவராய்த் தோன்ற, அது அவன் கண்ட கனவு என்று பெண்கள் முடிவுகட்டினர். நண்டுக்காரிக்குத் தக்கவன் யார் என்ற வழக்கில், கொம்புகளைக் கொளுவி இழுத்து முறிக்கும் கொம்பு விளையாட்டுக்கு ஊர் வடசேரி தென்சேரி என்று பிரிவதைப் போல, பெண்கள் இரண்டாய்ப் பிரிந்தனர். துரையின் வடசேரிக்குப் புஸ்பம் தலைவி. மௌனசாமியின் தென்சேரிக்கு அன்னப்பூரணி.

"உன்ர ஆள் வாயத் துறக்க ரெண்டு சீடி முடிஞ்சிது" என்றாள் புஸ்பம். "துரை ஒருக்காச் சிரிச்சா வீடே வெளிச்சம்."

"அது சிரிப்பில்ல மச்சாள், பல்லு. சிரிப்பெண்டாக் கண்ணில வரோணும்."

"மௌனசாமி அழக்குள்ள மூக்கால ஒழுகுது கா."

"உண்மையா அழுதா ஒழுகும்தானே? துரைட கண்ணீரப் பாருங்க, பவுடர்கூடக் கலையல்ல. மௌனசாமிக்கு இமையில வந்து நிக்கும், வெத்திலை நுனியில தண்ணி நிக்கிற மாதிரி. அத விழ விடாம வச்சிருக்கிறான் பாருங்க, அதுதான் நடிப்பு."

காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவந்து விற்கும் கைறுன்னிஸா, மூட்டையை அவிழ்க்க மறந்து உட்கார்ந்திருந்தாள். "நாள் முழுக்கத் துணியோட கிடக்கிறவள் நான் சொல்றன் புள்ள. துரைட கோட்டு நல்ல துணி. உள்ளுக்குத்தான் ஆளில்ல."

தென்சேரி சிரித்து ஓய நெடுநேரமானது.

அன்னப்பூரணிக்கு நாடகத்தின்மேல் ஒரேயொரு குறை இருந்தது. "முதல் சீடியில மௌனசாமிட வலது புறங்கையில நண்டுக்கால் மாதிரி ஒரு தழும்பு கிடந்தது. பிறகு ஒரு சீடியிலயும் காணல்ல. மேக்கப் போட்டவன் மறந்திட்டான். இவ்வளவு நல்ல நடிகனுக்கு இப்பிடி ஒரு பிழை விடலாமா?"

"எல்லாரும் மாப்பிள்ளைட மூஞ்சியப் பாக்க, இவள் புறங்கையப் பாத்திரிக்காள்" என்றாள் புஸ்பம்.

எட்டாம் நாள். நண்டு கொதிக்கும் பானை சரிந்தது. நண்டுக்காரியின் மேல் விழாமல் மௌனசாமி வெறுங்கையால் அதைத் தாங்க, வலது புறங்கை வெந்தது. வெந்த கையில் துணி சுற்றிக்கொண்டு கப்பலேறினான். அவள் கரையில் நின்றாள். கப்பல் சிறுத்து மறைந்தது. சீடி நின்றது.

வடசேரி கைதட்டியது. கொம்பு முறிந்தவரைப் பாடும் வசைப்பாட்டை எடுத்த புஸ்பம், அன்னப்பூரணியின் முகத்தைக் கண்டு பாதியில் நிறுத்தினாள்.

"என்ன கா? கதைதானே?"

"மச்சாள், உங்கட தம்பி வரமாட்டார்" என்ற அன்னப்பூரணி, தொலைபேசியில் கேட்டதை அப்போதுதான் சொன்னாள். வென்ற சேரியும் தோற்ற சேரியும் ஒன்றாய்த் தலைகுனிந்தன.

மறுநாட் காலை அவள் தோட்டத்தில் நீர் வார்த்துக்கொண்டிருந்தாள். கொடி படர்ந்த முருங்கையில் போன மாதம் கத்தி பட்ட இடம், தடித்த தழும்பாய் மாறியிருந்தது. அதற்கு மேலே நேற்றைய வெட்டு இன்னும் பச்சையாய்க் கசிந்தது. அவள் வாளியை வைத்தாள். முதலில் காயம், பிறகுதான் தழும்பு. கை வெந்தது நேற்று. அப்படியானால் மணவறையில் தழும்போடு நின்றவன் எப்போது நின்றான்?

ஈரக் கையோடு புஸ்பத்தின் வீட்டுக்கு ஓடினாள்.

"மச்சாள், மேக்கப் போட்டவன் மறக்கல்ல. வரிசைய மாத்திப் போட்டது நாங்கதான்."

முதலிற் பார்த்த சீடியை மறுபடி போட்டார்கள். அதே வலது கை, அதே இடம். நம்பியும் நம்பாமலும் இருந்த புஸ்பம் அதைக் கைறுன்னிஸாவிடம் கொடுத்தனுப்பினாள். கைறுன்னிஸாவின் தம்பி ஹமீட் கொரியாவில் ஐந்து வருடம் இருந்துவிட்டுச் சென்ற மாதந்தான் ஊர் திரும்பியவன். பிற்பகல் அவனே அக்காளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துசேர்ந்தான்.

"இதில கடைசி எண்டு எழுதிரிக்கி அக்கா" என்றான். "நீங்க முடிவத்தான் முதல்ல பாத்திரிக்கீங்க. பொடியன் திரும்பி வந்து கலியாணம் முடிக்கான்."

கைறுன்னிஸா அன்னப்பூரணியைக் கட்டிக்கொண்டாள். புஸ்பம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"மூக்கால ஒழுகுது மச்சாள்" என்றாள் அன்னப்பூரணி.

"உண்மையா அழுதா ஒழுகும்தானே? மங்கலத்தில துவங்கோணும் எண்டு சொல்லி, எட்டு நாள் உன்ன நான்தான் வதைச்சிரிக்கன்."

"நீங்க சொன்னதும் சரிதான். அந்த ஊரில மங்கலத்தக் கடைசிக்கு எடுத்து வைக்கிறாங்க, அவ்வளவுதான்."

"சரி, வடசேரி தோத்திட்டு. ஆனா துரைட சிரிப்பு சிரிப்புத்தான்."

அன்று எல்லோரும் கூடியிருந்து கடைசி சீடியை, கடைசியாகவே பார்த்தார்கள்.

வெயில் தாழ்ந்தபின் அன்னப்பூரணி தோட்டத்துக்குள் போய், பழுதில்லாத இளந்தளிராய் இரண்டு வெற்றிலை கிள்ளினாள். நீரில் அலசி உள்ளங்கையில் ஏந்தியபடி பிள்ளையார் கோயிலுக்கு நடந்தாள். சந்நிதியில் வேறு எவரும் இல்லை. ஒன்றும் கேளாமல், வெற்றிலைகளைக் காம்பு ஒத்திருக்கப் படியில் வைத்து, கடல் இரையும் கிழக்கை ஒருமுறை நோக்கிக் கைகூப்பினாள்.

கடல் கடந்தோர் கரை சேர்க. காத்திருந்த கண்கள் குளிர்க. வாவி நிறைக, வயல் விளைக. வைகாசியில் திறந்த கதவுகள் எக்காலமும் திறந்தே இருக்க.