நீலப் பொத்தானின் ஆறுதல்

அலுவலகத்தில் அவளுக்கு மெத்தை என்று பெயர். வங்கி யாரைத் தள்ளிவிட்டாலும் கீழே ஒரு மெத்தையை விரித்து வைப்பது அவள் வேலை. வங்கியின் செயலியில் ‘மனசு கனக்கிறதா?’ என்று ஒரு நீலப் பொத்தான் உண்டு. அமுக்கினால் பத்துக் கேள்விகள் வரும், பிறகு ஆறுதல் வரும். கேள்வி, ஆறுதல் இரண்டும் அவள் கைவரிசை. பதில்கள் எந்த மாடிக்குப் போகின்றன என்று அவள் கேட்டதில்லை. சம்பளத்தில் பாதி எழுதுவதற்கு, மீதி கேட்காமல் இருப்பதற்கு.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. தங்கச்சி வங்கியில் கடிதம் அடிக்கிறாள் என்றுதான் அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் ரொட்டி வண்டிக்காரன். வேன் அந்த வங்கிக் கடனில் வாங்கியது. நான்கு வருடத்தில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை, இன்னும் எட்டு மாதம்தான். பேக்கரிக்காரர் மூன்று கடைகளைக் குறைத்துவிட்டதால் அடுத்த மாதம் இடிக்கும் போலிருந்தது. மதிய இடைவேளையில் வங்கி வாசலில் வேனை நிறுத்தித் தங்கையைக் கூப்பிட்டான்.

“இந்த நீலப் பொத்தான அமுக்கினா தவணைய ரெண்டு மாசம் தள்ளித் தருவாங்களாமே. நம்பலாமா?”

அமுக்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று காலையில்தான் மேலாளர் முகம் சுளித்திருந்தார். அவளுடைய பதவி உயர்வு அந்த எண்ணிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்மாடிக்காரர் ஒருவர் லிஃப்டில் சிரித்துக்கொண்டே சொன்னதும் நினைவுக்கு வந்தது: “அமுக்கறவன் தள்ளாடறவன். விழறதுக்கு முன்னாடி எடுத்துடணும்.” எதை எடுப்பது என்று அவள் அப்போதும் கேட்கவில்லை.

“தாராளமா அமுக்குண்ணே,” என்றாள். “எதையும் மறைக்காத, அப்பத்தான் உதவி கிடைக்கும்.”

நான்காவது கேள்வியில் அவன் நின்றான். ‘கண்ணை மூடினால் தவணைத் தேதி வந்து முன்னால் நிற்கிறதா?’ போன வருடம் அவனே அவளிடம் புலம்பியது அது. அவள் அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். தான் சொன்னது என்று அவனுக்கு ஞாபகமில்லை.

“என் மனசுக்குள்ள புகுந்து பாத்த மாதிரி இருக்கும்மா.” அவன் கண் கலங்கியது. அதற்கப்புறம் எதையும் மறைக்கவில்லை. அடுத்த தவணையைக் கட்ட முடியுமா என்ற கடைசிக் கேள்விக்கு, ‘சந்தேகம்தான்’ என்பதை அமுக்கினான்.

மூன்றாம் நாள் பேக்கரி வாசலிலிருந்து, உள்ளே இருந்த ரொட்டித் தட்டுகளோடு, வேனை இழுத்துக்கொண்டு போனார்கள். கட்டுவது சந்தேகம் என்று வாடிக்கையாளரே சொன்னால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்ததாம். கையோடு செய்தியும் வந்தது: ‘உங்கள் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கிவைத்திருக்கிறோம். இனி நிம்மதியாக மூச்சு விடுங்கள்.’ அந்த இரண்டு வரிக்குத்தான் போன கூட்டத்தில் அவளுக்குக் கைதட்டினார்கள்.

அண்ணன் நடந்தே வங்கிக்கு வந்தான். சட்டையெல்லாம் மாவு. அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“ஒரு உதவி பண்ணும்மா. அந்தக் கேள்வியெல்லாம் எழுதினாங்களே, அவங்களப் பாக்கணும். கஷ்டம்னா என்னன்னு தெரிஞ்சவங்க. அவங்க ஒரு வார்த்தை சொன்னா வண்டியக் குடுத்துடுவாங்க. நீ உள்ளதானே இருக்க, ஆளக் காட்டு, போதும்.”

எழுதியது நான்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம். மேல்மாடிக்கு ஏறி, இவன் என் கூடப் பிறந்தவன் என்று சண்டையாவது போட்டிருக்கலாம். கழுத்தில் அன்று காலையில் தந்த புது அட்டை தொங்கியது. அதில் இருந்த புதுப் பதவியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“ஆளெல்லாம் இல்லண்ணே. அத மெஷின்தான் எழுதுது.”

அவன் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அதானே,” என்றான். “மனுஷங்களா இருந்தா இப்படிப் பண்ண மாட்டாங்க.”

பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று அவளிடமே கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.