ரெங்கராஜ் எந்தப் பிரிவு?

தோஹாவில் ஏசியன் கேம்ஸ் நடந்த வருஷம், அங்கே நஜ்மா பகுதியில் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமை செஸ் போட்டி வைத்தார்கள். புதியவர்களுக்கு ஒரு பிரிவு, மற்றவர்களுக்கு ஒன்று. யார் எதில் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு இன்பமணிக்கு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அவன், நாகர்கோவிலில் படிக்கும்போது கல்லூரி அணியில் ஆடியவன்.

காலையில் ஒரே ரூமில் தங்கும் இரண்டு பேர் வந்தார்கள். கோவில்பட்டிக்காரர் ரெங்கராஜ் லாரி ஓட்டுபவர். காயல்பட்டினத்து சுஐபு ஸ்டோர்கீப்பர். ரெங்கராஜ் புதியவர் பிரிவைக் கேட்டார். சுஐபு விடவில்லை.

“பத்து வருசமா டூட்டி முடிஞ்சு வந்து எங்கூடத்தான் ஆடுறாரு தம்பி. இவரு எப்படிப் புது ஆளு?”

“ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல. பாய்கிட்டயே கேளுங்க” என்றார் ரெங்கராஜ்.

இரண்டுமே உண்மைதான். அத்தனை வருஷம் ஆடியும் தோற்றுக்கொண்டே இருப்பவரை என்னவென்று சொல்வது? இன்பமணிக்கு ஆவல் வந்துவிட்டது. “ஒரு ஆட்டம் போட்டுப் பாப்போம் அண்ணாச்சி” என்று பலகையை விரித்தான்.

முதல் சில காய்களை ரெங்கராஜ் சடசடவென்று பிசகில்லாமல் நகர்த்தினார். இவர் புதியவரே இல்லை என்றுதான் இன்பமணி நினைத்தான். பிறகு தன் ராணியை ஓரத்துக்குக் கொண்டுபோனான். ரெங்கராஜின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

“இந்த எடத்துல பாய் குதிரையத்தான எடுப்பாரு…”

“வேற யார்கூடயாவது ஆடியிருக்கீங்களா?”

“ரூம்ல வேற யாருக்குத் தம்பி செஸ் தெரியும்?”

அதன்பிறகு ஆட்டம் நெடுநேரம் நீடிக்கவில்லை; ரெங்கராஜ் தோற்றார். அவருக்குத் தெரிந்தது செஸ் அல்ல, சுஐபு. அப்போதுதான் இன்பமணிக்கு இன்னொரு சந்தேகம் தட்டியது. பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தான்.

“பாய், நீங்க யார்கூட ஆடியிருக்கீங்க?”

சுஐபுவின் குரல் இறங்கியது. “நானும் இவருகூட மட்டுந்தான்.”

“அப்போ ரெண்டு பேருமே புதியவர் பிரிவுதான்.”

சுஐபு முகம் சுருங்கினாலும் மறுக்கவில்லை. முதல் சுற்றில் ராதிகா என்ற பள்ளிக்கூட டீச்சரிடம் தோற்றார். ரெங்கராஜ் தினமும் விழுகிற இடங்களில் அந்த அம்மா விழவே இல்லை. அடுத்த சுற்றில் ராதிகாவுக்கு எதிரே உட்கார்ந்தது ரெங்கராஜ். காலையில் ஆடிய விதத்தை விட்டுவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்தார். குதிரையும் மந்திரியும் சேர்ந்து நெருக்க, ராதிகாவின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது.

சுஐபு குனிந்து பலகையையே பார்த்தார். “இத எங்க படிச்சீரு?”

“உங்க ஆட்டந்தான் பாய். தெனமும் இதுலதான அடி வாங்குறேன். மத்தவங்களுக்கு இது தெரியாதுங்கிறதே இன்னிக்குத்தான் தெரிஞ்சது.”

தான் சொன்ன தீர்ப்பு சரிதானா என்று இன்பமணிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அடுத்த வாரம் டீக்கடையில் ரெங்கராஜைப் பார்த்ததும் முதலில் ரூம் ஆட்டத்தைத்தான் விசாரித்தான்.

“ரூம்ல ஆட்டம் எப்படிப் போவுது அண்ணாச்சி?”

“தோத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா பாய் இப்ப ஒவ்வொரு காய்க்கும் ரொம்ப நேரம் யோசிக்கிறாரு. சோறு ஆறிப்போவுது தம்பி.”