நடுக்குளிர் விருந்து

முத்துச்செல்வம் அண்டார்டிகாவுக்குத் தேர்வாகிவிட்டான் என்று செய்தி வந்த அன்று, வடகரையில் அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று அவன். இன்னொன்று அவன் அப்பா சுந்தரபாண்டியன். அவன் மனைவி சங்கரேஸ்வரி அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடி சும்மா நின்றாள்.

அவன் ராணுவத்தில் வண்டி மெக்கானிக். லடாக், சிக்கிம் என்று குளிர்ப் பிரதேசமாகவே வேலை பார்த்தவன். அப்படியும் ஆசை அடங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஊர் பார்க்கிற பைத்தியம். அதுவும் லேசில் யாரும் போய்விட முடியாத ஊராக இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் மற்றவர்களெல்லாம் மூணாறு, கொடைக்கானல் என்று போனபோது, இவன் அவளை மேகாலயாவுக்குக் கூட்டிப்போய் மரத்து வேர்களைப் பின்னி வளர்த்த பாலத்தில் நடக்கவைத்தான். போகிற வழியெல்லாம் அவள் வாந்தி எடுத்தாள். லீவில் வந்தால் படுத்துக்கொண்டே செல்போனில் படம் காட்டுவான். சைபீரியாவில் உறைந்து கிடக்கும் ஏரி, பொலிவியாவில் வானத்தை அப்படியே காட்டும் உப்பு வெளி, ஐஸ்லாந்தில் பனிக்கு நடுவே புகையும் மலை. அவளுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அவன் சொல்கிற விதம் பிடிக்கும் என்பதால் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பனியில் ஓடும் வண்டிகளைப் பழுது பார்க்க அண்டார்டிகாவிலுள்ள நம் நாட்டு ஆய்வு நிலையத்துக்கு ஆள் வேண்டும் என்று வந்தபோது, வீட்டில் யாரையும் கேட்காமலே பேர் கொடுத்திருந்தான். போனால் ஒரு வருஷத்துக்கு மேல். அதில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் விமானமும் வராது, கப்பலும் வராது. உள்ளே இருப்பவன் உள்ளேதான். இதைக் கேட்டபிறகு சங்கரேஸ்வரி அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஒரே ஒரு தடவட்டி. இதுக்கு மேல போறதுக்குப் பூமியில எடமே கெடையாது. போயிட்டு வந்து ஒழுங்கா இருக்கேன்" என்றான்.

சுந்தரபாண்டியன்தான் அவளைச் சமாதானப்படுத்தினார். மனைவி போனபிறகு, நாலு வயல் நெல்லும் கொஞ்சம் தென்னையுமாக இருந்த மனிதர். மதுரைக்கு வடக்கே போனதில்லை. ஆனாலும் மகன் பார்த்த இடத்தையெல்லாம் தானே பார்த்ததுபோலப் பேசுவார். டீக்கடையில் உட்கார்ந்து, தன் மகன் போகிற இடத்தில் ஆறு மாசம் பகல், ஆறு மாசம் ராத்திரி என்று சொல்லி, அதை நம்பாதவர்களோடு சண்டைக்கும் போனார்.

அவன் ஐப்பசி கடைசியில் கிளம்பினான். கேப்டவுனிலிருந்து படம் அனுப்பினான். பனிக்கட்டி மேலேயே விமானம் இறங்கியதைப் படம் எடுத்து அனுப்பினான். மகள் மஞ்சு மூன்றாம் வகுப்பு. பென்குயின்கள் வரிசையாக நடந்து போகிற வீடியோவை அவள் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டாள். கோடைக்காலக் குழு மார்ச்சில் திரும்பிப் போனது. குளிர்காலத்துக்கு இருபத்துச் சொச்சம் பேர் மட்டும் தங்கினார்கள். அவர்களில் முத்துச்செல்வமும் ஒருவன்.

சித்திரை மாசம் சுந்தரபாண்டியனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. சோறு இறங்கவில்லை. கண் மஞ்சளாகியது. காமாலை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, சங்கரேஸ்வரி அவரைத் தென்காசிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தாள். அங்கிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் பரவிவிட்டது, பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை என்று அங்கே டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வெளியே வந்தபோது மாமனார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

பஸ் ஆலங்குளம் தாண்டியது. பிறகுதான் சொன்னார்.

"அவன்ட்ட சொல்லாத, சங்கரி."

"எப்படி மாமா சொல்லாம இருக்க?"

"சொன்னா வந்திருவானா? வர முடியாதுல்லா. அங்கன இருட்டுக்குள்ள ஒக்காந்து தலையில அடிச்சிக்கிடுவான். சின்னப் புள்ளையில இருந்து ஆசப்பட்டுப் போன எடம். அது அவனுக்கு நல்லா இருக்கட்டும்."

நாளைக்கு உங்கள் மகன் வந்து என்னைத்தான் கேட்பார் என்று அவள் அழுதாள். கேட்டால் அப்பா சொன்னார் என்று சொல் என்றார் அவர். வண்டி தென்காசிக்கு வருவதற்குள் அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் பொய் குடிவந்தது. முத்துச்செல்வம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். மாமனார் காலையிலேயே சவரம் செய்துகொள்வார். இளைத்த உடம்பு தெரியாமலிருக்கச் சட்டைக்கு உள்ளே இன்னொரு சட்டை போட்டுக்கொள்வார். கண் மஞ்சளை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி. கண்ணில் புரை எடுத்திருக்கிறது, டாக்டர் கொஞ்ச நாள் போட்டிருக்கச் சொல்லியிருக்கிறார் என்று மகனிடம் சொன்னார். அவன் சிரித்தான். படத்தில் நடிக்கப் போகிறாரா என்று கேலி செய்தான். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று மஞ்சுவுக்கும் சொல்லி வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை போன் பக்கமே வருவதில்லை. கூப்பிட்டால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்று ஓடிவிடும்.

வைகாசியில் ஒருநாள் அவன் போனை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வெளியே வந்தான். அங்கே சூரியன் வருவது நின்றிருந்தது. வானத்தில் பச்சையாக ஒரு வெளிச்சம் திரைச்சீலைபோல அசைந்து அசைந்து ஓடியது. படம் நின்று நின்று வந்தது. குளிரில் அவன் குரல் நடுங்கியது. "தெரியுதாப்பா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மாமனார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தெரியுதுலே. நல்லாத் தெரியுது" என்றார்.

கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் தண்ணீர் வழிவதைச் சங்கரேஸ்வரி பார்த்தாள். அவருக்கு அன்று வலியும் இருந்தது. ஆனால் போனை வைத்தபிறகு, அவர் முகத்தில் இருந்தது வலி மட்டுமல்ல. அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பற்றி, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனி மாசம் சாரல் தொடங்கியது. குற்றாலத்துக்கு வண்டி வண்டியாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாமனாருக்குப் பேச்சு குறைந்து, நினைவு வந்து வந்து போயிற்று. கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்குகிறார் என்று சங்கரேஸ்வரி சொல்லிவிட்டாள். அந்த வாரமே ஒருநாள் விடிந்து, அவர் வாயில் தண்ணீர் விட அவள் போனபோது உயிர் போயிருந்தது.

முத்துச்செல்வத்தின் பெரியப்பா மகன் நல்லதம்பி வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். காவல்துறையில் இருந்தவன். வந்ததும் முதலில் போனைத்தான் எடுத்தான்.

"அவன்ட்ட சொல்லணும் சங்கரேஸ்வரி. கொள்ளி வைக்க வரமுடியாட்டாலும் மொகத்தையாவது பாக்கட்டும்."

"வேண்டாம் அத்தான். மாமாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நாளைக்கு நம்ம எல்லார் மூஞ்சியிலயும் துப்புவான்."

அவள் பிடிவாதமாக நின்றாள். நல்லதம்பி வேறு வழியில்லாமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வாட்ஸ்அப்பில் யாரும் எதுவும் போடக்கூடாது என்று சொந்தக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொன்னான். மத்தியானம் தூறலில் எடுத்துக்கொண்டு போனார்கள். அவன்தான் கொள்ளி வைத்தான்.

சாயங்காலம் வீடு கழுவிவிட்டு அவள் போனைப் பார்த்தபோது முத்துச்செல்வத்திடமிருந்து ஒரு வீடியோ வந்திருந்தது. அங்கே அன்று குளிர்காலத்தின் நடுநாள். இனி இருட்டு குறையும் என்று உலகத்திலுள்ள அண்டார்டிகா நிலையங்களெல்லாம் விருந்து வைத்துக் கொண்டாடுகிற நாள் என்று முன்பே சொல்லியிருந்தான். பிரியாணி, கேக், கலர் தொப்பிகள். நடுவில் தாடி வளர்ந்த முத்துச்செல்வம் இரண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தான். அப்பாவுக்குக் காட்டு என்று கீழே எழுதியிருந்தான்.

அவள் ஈரத்தலையோடு அதைப் பார்த்தாள். பதில் போடாவிட்டால் உடனே கூப்பிடுவான். சிவப்பு ஹார்ட் ஒன்றைப் போட்டாள். சத்தியத்துக்காகத்தான் போட்டாள். ஆனால் அதை அழுத்தும்போது, இந்த வீட்டை இப்படி விட்டுவிட்டு ஆசைப்பட்டுப் போனவர்தானே, ஆடட்டும் என்று உள்ளே ஒரு கசப்பும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் முத்துச்செல்வம் கூப்பிட்டபோதும் அப்பா தூங்குகிறார் என்றே சொல்லிவைத்தாள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து இரண்டு நாள் கழித்து, அவனோடு செங்கோட்டையில் படித்தவன் ஒருவன் வடகரை பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்திருக்கிறான். அப்பா தவறிய விஷயம் இப்போதுதான் தெரிந்தது என்று அண்டார்டிகாவுக்கே ஆறுதல் செய்தி அனுப்பிவிட்டான்.

போன் வந்தபோது சங்கரேஸ்வரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீடியோ இல்லை, குரல் மட்டும்தான்.

"அப்பா எங்கட்டி?"

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"அப்பாட்ட போனக் குடு."

"மாமா இல்லங்க" என்றாள். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

என்றைக்கு என்று கேட்டான். சொன்னாள். அவன் அந்தப் பக்கம் மனசுக்குள் தேதியை எண்ணுவது அவளுக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு நான் ஆடி அனுப்புனேன்" என்றான். "நீ ஹார்ட் போட்ட."

மாமா சத்தியம் வாங்கியதை அவள் சொல்லத் தொடங்குவதற்குள் போன் அணைந்துவிட்டது.

அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை. எப்போதாவது 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரி வரும். அவள் குரல் செய்தியாக எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினாள். ஸ்கேன் எடுத்தது, பஸ்ஸில் வாங்கிய சத்தியம், எல்லாம். கேட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. ஆவணியில் நிலையத்தின் தலைவர் அவளைக் கூப்பிட்டார். முத்துச்செல்வம் வேலையில் குறை வைப்பதில்லை, ஆனால் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, சூரியன் திரும்பி வந்த அன்று எல்லோரும் வெளியே ஓடியபோதும் அவன் வண்டிக் கொட்டகையை விட்டு வரவில்லை என்றார். கொஞ்சம் பேசிப்பாருங்கள் என்றார். சரி சார் என்று மட்டும் அவள் சொன்னாள்.

மார்கழியில் வந்தான். பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசியில் இறங்கியவனை அவளும் மஞ்சுவும் போய்ப் பார்த்தார்கள். மூக்கும் கன்னமும் தோலுரிந்து கறுத்திருந்தன. மகளைத் தூக்கிக்கொண்டான். சங்கரேஸ்வரியிடம், சாம்பலை எங்கே கரைத்தார்கள் என்று கேட்டான். குற்றாலத்தில் என்றாள். அங்கேயே போவோம் என்றான். பெட்டி படுக்கையோடு ஆட்டோவில் போனார்கள்.

குற்றாலத்தில் ஐயப்ப சாமிகள் கூட்டம். கறுப்பு வேட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டு, அவன் மெயின் அருவிக்குள் போனான். சங்கரேஸ்வரி துண்டை வைத்துக்கொண்டு மஞ்சுவோடு நின்றாள். ரொம்ப நேரம் அவன் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. அருவித் தண்ணீரில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

படியில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொல் என்றான். மஞ்சுவைப் பக்கத்துக் கடையில் பஜ்ஜி வாங்கித் தின்ன உட்காரவைத்துவிட்டு, அவள் சொன்னாள். குரலில் அனுப்பியதையேதான் மறுபடி சொன்னாள். இரண்டு சட்டை போட்டதைச் சொன்னபோது அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். பிறகு சொன்னான்.

"தெரிஞ்சாலும் வந்திருக்க முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனா பேசியிருப்பேன்லா. சாகப்போற மனுசன்ட்ட நான் ஆறு வாரமா பென்குயின் கதை பேசிக்கிட்டு இருந்திருக்கேன்."

"அவியளுக்கு அதுதான் வேணும்னு இருந்திச்சி."

"அவருக்கு வேணும். எனக்கு?"

அவன் கேட்டது நியாயம். மாமனார் கேட்டதும் அவளுக்கு நியாயமாகத்தான் பட்டிருந்தது.

"நான் சொல்லியிருக்கணும்" என்றாள்.

அவன் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டான். மஞ்சு எண்ணெய்க் கையோடு வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

லீவு முழுக்க அவன் வயலுக்குப் போனான், தென்னைக்கு மண் அணைத்தான். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அண்டார்டிகா பற்றிப் பிள்ளைகளுக்குப் பேச வேண்டும் என்று வந்து கேட்டார்கள். முடியாது என்று அனுப்பிவிட்டான். பார்க்க வந்தவர்கள் அங்கே எப்படி இருக்கும் என்று கேட்டால், குளிராக இருக்கும் என்பான். ஒருநாள் நல்லதம்பி வந்து, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதான். அவனை முத்துச்செல்வம் தட்டிக்கொடுத்தான். அதைச் சங்கரேஸ்வரி அடுப்படியிலிருந்து பார்த்தாள். தன்னை அவன் அப்படித் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தாள்.

போகிறதற்கு முந்தின நாள், புதிதாக மாற்றலாகியிருக்கும் ஜபல்பூரில் குடும்பத்தோடு தங்க வீடு கிடைத்திருக்கிறது, பரீட்சை முடிந்ததும் வந்துவிடுங்கள் என்று சொன்னான். வேறு ஒரு காலத்தில் அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பாள். இப்போது என்னென்ன பாத்திரம் எடுத்துவைக்க என்று மட்டும் கேட்டாள். அங்கே எல்லாம் கிடைக்கும், அம்மியைத் தூக்கிவர வேண்டாம் என்றான். அவன் சிரிப்பது போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவன் குனிந்து பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தான்.