சுஜாந்தி இல்லாமல் வளர்ந்த குழு

குறிஞ்சிப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கிய சுஜாந்தி வீட்டுக்குப் போகவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே சனசமூக மண்டபத்துக்கு நடந்தாள். உள்ளே ஒத்திகைச் சத்தம். இரண்டு வருடமாகக் கொழும்பில் அவள் ஏங்கிக் கிடந்த சத்தம்.

யுத்தம் முடிந்த கையோடு அந்த நாடகக் குழுவைத் தொடங்கியவள் அவள்தான். வேதக்காரக் கிறிஸ்தவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே மேடையில் நிற்பதை ஊர் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தது. வீடு வீடாக ஏறி இறங்கித் தாய்மாருடன் கதைத்து, குழு கொஞ்சம் தலையெடுத்த நேரத்தில்தான், இளையோர் கலைக்குழு நடத்துகிறவர்களுக்கான பட்டமேற்படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது. "போய்ப் படிச்சிட்டு வாங்க சுஜாக்கா, நாங்க பாத்துக்குவோம்" என்று வழியனுப்பியவன் அஃப்ராஸ். மேடையில் பேச வெட்கப்பட்டுத் திரை இழுத்துக்கொண்டிருந்தவன்.

கொழும்பில் பாடம் ஆங்கிலத்தில், பகிடி சிங்களத்தில். அவளுக்கு இரண்டும் விளங்கும். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் விளங்கும். பின்னேரங்களில் வெள்ளவத்தை அறையில் தனியே பாணும் சம்பலும் சாப்பிட்டபடி ஊர்ப் பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொள்வாள். தான் இல்லாமலும் குழு நடக்கும்படி செய்பவரே நல்ல தலைவர் என்று பரீட்சையில் அழகாக எழுதிப் பாராட்டும் வாங்கியிருந்தாள்.

வாசலில் அவளைக் கண்டதும் ஒத்திகை நின்றது. அஃப்ராஸ் ஓடிவந்து பையை வாங்கினான்.

"கதிரை ஒண்டு கொண்டாங்க!"

யாரோ சோடா வாங்க ஓடினார்கள். அவளை உட்காரவைத்துக் கைதட்டினார்கள்.

"எப்பிடி இரிக்கிறீங்க மிஸ்?"

போகும்போது சுஜாக்கா. வரும்போது மிஸ். அவள் சிரித்து வைத்தாள்.

கொழும்பில் பழகிய பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள். மரியாதையாகச் செய்தார்கள். முடிந்ததும், அடுத்து என்ன என்று எல்லாக் கண்களும் அஃப்ராஸைத்தான் பார்த்தன.

அவன் நாடகத்தைத் தொடரச் சொன்னான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாய்மாரின் கதை அது. தாயாக நடித்தவள் நிஸ்மியா. குவைத்திலிருந்து மகளோடு போனில் கதைக்கிறாள். "வேற என்ன உம்மா?" என்று மகள் கேட்க, சொல்ல ஒன்றுமில்லாமல், போனை வைக்கவும் மனமில்லாமல் நிற்கிறாள். சுஜாந்தி கதிரை நுனிக்கு வந்தாள். நிஸ்மியாவின் தாய் குவைத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் துயரம் இப்படி மேடைக்கு வந்தபோது தான் பக்கத்தில் இருக்கவில்லை என்பதும் தெரிந்தது.

பிறகு தயங்கித் தயங்கித் தன் காரியத்தைச் சொன்னாள். படிப்பு முடிய வேண்டுமென்றால், தான் பழக்கிய நாடகம் ஒன்றைக் காட்ட வேண்டும். விரிவுரையாளர் வின்சன்ட் சனிக்கிழமை பார்க்க வருகிறார்.

"அதுக்கென்ன மிஸ்? இதையே காட்டுவோம். நீங்க பழக்கினதெண்டு சொல்லுங்க. நாங்க வேற ஆக்களா?" என்றான் அஃப்ராஸ்.

அவள் ஓம் என்றாள்.

சனிக்கிழமை நாடகத்தைப் பார்த்து முடித்த வின்சன்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் போன் காட்சியை எப்படிப் பழக்கினீங்க, சுஜாந்தி?"

குழு முழுதும் அவளைப் பார்த்தது. நிஸ்மியா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு சின்னப் பொய் போதும். வாயைத் திறந்தவளுக்கு அந்தப் பொய் வரவில்லை.

"அது நிஸ்மியாவும் அஃப்ராஸும் செஞ்சது, சேர். நான் வர முந்தியே நாடகம் முடிஞ்சிட்டு. இதில என்ட வேலை ஒண்டுமில்ல."

வின்சன்ட் கோபிக்கவில்லை. "அப்ப இதுக்குப் புள்ளி போட ஏலாதே. வேற ஆக்களோட செய்யுங்க. ஆகஸ்ட் முடியும் மட்டும் பொறுக்கிறன்."

அவர் போனதும் அஃப்ராஸின் முகம் சிவந்திருந்தது. "என்னத்துக்கு மிஸ் அப்பிடிச் சொன்னீங்க? எங்களப் பிரிச்சிட்டீங்களே."

"பிரிக்கல்ல அஃப்ராஸ். அது உங்கட."

அவன் கதிரைகளை அடுக்கப் போய்விட்டான்.

மறுநாள் புத்தளத்தில் அவர்களுக்கு மேடை இருந்தது. லொறி வந்து நின்றது. சாரதிக்குப் பக்கத்து இருக்கையை அவளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். பின்னால் பிள்ளைகள் நெருக்கியடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். தலையிடி என்று சொல்லி நின்றுவிட்டாள். லொறி திரும்பி மறைந்த பிறகும் கச்சான் காற்றில் அந்தப் பாட்டு கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாத பாட்டு.

வீட்டில் தாய் எமிலியா கேட்டாள்: "என்ன, உன்ட பிள்ளைகள் உன்னை விட்டிட்டா போனதுகள்?"

"நான்தான் போகல்ல, அம்மா" என்றுவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

அடுத்த கிழமை பள்ளிவாசல்துறைக்கு பஸ் ஏறினாள். அங்கே அவளை ஒருவருக்கும் தெரியாது. பழையபடி வீடு வீடாக ஏறி இறங்கினாள். அஸீஸா என்றொரு தாய் மட்டும், "பாப்போம், வேல முடிஞ்சா புள்ளயள அனுப்புறன்" என்றாள். கருவாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்து வெளியில் பின்னேரம் முழுதும் காத்திருந்துவிட்டு, ஒருவரும் வராமல் கடைசி பஸ்ஸில் திரும்பினாள். அப்படிப் பல பின்னேரங்கள் போயின.

பிறகொரு நாள் மூன்று பெண்பிள்ளைகள் வந்து தள்ளி நின்றார்கள்.

"என்ன விளையாடுவீங்க?" என்று கேட்டாள்.

பெரியவள், அஸீஸாவின் மகள் ஜெமீலா, மற்றவர்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாங்க விளையாடுறல்ல. கருவாடு காயப்போடுற."

"அதையே செஞ்சு காட்டுங்களேன்."

வெட்கத்தோடு தொடங்கினார்கள். வெறுங்கையால் மீனை எடுத்தார்கள், பிளந்தார்கள், உப்புப் போட்டார்கள், வரிசையாகப் பரப்பினார்கள். சின்னவள் இல்லாத காகத்தைக் கத்தித் துரத்தினாள். ஜெமீலா நிமிர்ந்து சுஜாந்தியைப் பார்த்தாள்.

"சும்மா நிக்காம வாங்க. அந்தப் பக்கம் பரப்ப ஆளில்ல."

சுஜாந்தி செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையின் கடைசியில் போய்க் குந்தினாள். ஜெமீலா நீட்டிய இல்லாத மீனை, நழுவவிடாமல் இரண்டு கையாலும் வாங்கினாள்.